எது பெரிசு என்று கேட்பதை நிறுத்திய பிறகு

கரும்பலகையில் 3, 8 என்று இரண்டு எண்களை எழுதிவிட்டு, "இதுல எது பெரிசு?" என்று கேட்டேன். முன்வரிசையில் இருந்த ஒன்றாம் வகுப்புச் சிறுமி கொஞ்சம்கூடத் தயங்காமல் எழுந்து வந்து 3-ஐத் தொட்டாள். "நல்லாப் பாரு தங்கம்" என்றேன். நன்றாகப் பார்த்தாள், மறுபடியும் 3-ஐத்தான் தொட்டாள். சரி, இவளுக்கு எண்களின் மதிப்பு இன்னும் பிடிபடவில்லை என்று நினைத்துக்கொண்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டேன். மதியம் பிள்ளைகள் எல்லாம் சத்துணவுக்குப் போன பிறகு, காலி வகுப்பறையில் உட்கார்ந்து அந்தப் பலகையைப் பார்க்கும்போதுதான் கண்ணில் பட்டது. அவசரமாக எழுதியதில் 3 ஒரு சாண் உயரத்துக்கு இருந்தது, 8 அதில் பாதிகூட இல்லை. நான் எது பெரிசு என்று கேட்டேன், அவள் பெரிசைத் தொட்டிருக்கிறாள்.

திண்டுக்கல் மாவட்டத்தில் நிலக்கோட்டைப் பக்கம் ஈராசிரியர் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய வகுப்புகள் என் அறையில். 2022-இல் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவர்கள் இருக்கும் நிலைக்குத் தகுந்தபடி உட்கார வைக்கிறோம். அதனால் ஒரே நாளில், ஒரே அறையில், புளியங்கொட்டையை ஜோடி சேர்க்கும் பிள்ளையையும் மூன்று இலக்க எண்களை வரிசைப்படுத்தும் பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க முடிகிறது. இங்கே எழுதுவது எல்லாம் அப்படிப் பார்த்ததுதான். வீட்டில் சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கும், ஒன்றாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கும் கொஞ்சம் பயன்படலாம்.

முதலில் அந்தச் சொல்லைப் பற்றி. ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பெரிசு என்றால் பெரிய பூசணிக்காய், பெரிய வீடு, பெரியப்பா, பெரிய டீச்சர். கண்ணுக்குத் தெரியும் உருவம், இல்லாவிட்டால் வயது. எண்ணுக்கும் பெரிசு சிறிசு உண்டு என்பது பள்ளிக்கூடத்துக்கு வந்த பிறகுதான் அவர்கள் காதில் விழுகிறது. ஆனால் அந்தக் கருத்து அவர்களுக்குப் புதிதே இல்லை. சுண்டல் போடுகிற நாளில் தட்டைப் பார்த்துவிட்டு, "அவனுக்கு மட்டும் கூட வச்சிருக்காங்க டீச்சர், எனக்குக் கம்மி" என்று ஓடி வருவதும் இதே பிள்ளைகள்தான். கூட, கம்மி. இந்த இரண்டு சொல்லும் வாயில் தயாராக இருக்கும்போது நான் பலகையில் பெரிய எண், சிறிய எண் என்று எழுதிவிட்டு, புரியவில்லையே என்று வருத்தப்பட்டிருக்கிறேன். மறுநாளே கேள்வியை மாற்றினேன். "எது பெரிசு" இல்லை, "எதுல கூட இருக்கு?" 3 மிட்டாய் ஒரு பக்கம், 8 மிட்டாய் ஒரு பக்கம், எது கூட? அந்தச் சிறுமி என்னைப் பார்த்த பார்வையில், இதையெல்லாமா கேட்பார்கள் என்று இருந்தது. பாடநூலில் உள்ள பெரியது, சிறியது என்ற சொற்களை விட்டுவிடச் சொல்லவில்லை, தேர்வில் அதுதான் வரும். கூட, கம்மி நன்றாக ஊறிய பிறகு, "எதுல கூட இருக்கோ அதைத்தான் பெரிய எண்ணுன்னு சொல்றோம்" என்று ஒட்டவைத்தால் இரண்டு நாளில் பிடித்துக்கொள்கிறார்கள். உங்கள் பக்கம் ஜாஸ்தி, நிறைய என்று பேசினால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பொருள் இல்லாமல் எண்ணை மட்டும் வைத்துத் தொடங்கக் கூடாது என்பது எல்லோரும் சொல்வதுதான். எந்தப் பொருள், அதை வைத்து என்ன செய்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நான் புளியங்கொட்டை வைத்திருக்கிறேன். செலவில்லை, கழுவிக் காயவைத்தால் பல வருடம் வரும், கையில் பிடிக்க வாகாக இருக்கும். குன்றிமணி அழகாக இருக்கிறது என்று சிலர் கொண்டுவந்து கொடுப்பார்கள், அதை வகுப்புக்குள் விடவே விடாதீர்கள். அந்த விதை விஷம், மென்று விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்த விதையாக இருந்தாலும் மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும் வயது இது, எனவே நம் கண் பார்வையிலேயே நடக்க வேண்டும்.

இரண்டு குவியல் கொடுத்து எண்ணச் சொன்னால், ஒரு பையன் அழகாக எண்ணுவான். இதுல ஏழு, இதுல அஞ்சு. சரி, எதுல கூட என்று கேட்டால் முழிப்பான். அவனுக்கு எண்ணுவது என்பது பாட்டு மாதிரி. கடைசியாகச் சொன்ன ஏழு, மொத்தக் குவியலுக்கும் உரிய அளவு என்பது இன்னும் அவனுக்குள் இறங்கவில்லை. அவனிடம் மறுபடியும் எண்ணு, மறுபடியும் எண்ணு என்று சொல்லிப் பயனில்லை. எண்ணாமலே ஒப்பிட வைக்க வேண்டும். இந்தப் பக்கத்துக் கொட்டை ஒன்று, அந்தப் பக்கத்துக் கொட்டை ஒன்று, ஜோடி சேர்த்துக்கொண்டே போ. எந்தப் பக்கம் ஜோடி கிடைக்காமல் நிற்குதோ அந்தப் பக்கம் கூட. இதைப் பிள்ளைகளை வைத்தே முதலில் செய்தேன்: பையன்கள் ஒரு வரிசை, பெண் பிள்ளைகள் ஒரு வரிசை, எதிரெதிரே கை பிடித்து நிற்க, இரண்டு பையன்களுக்குக் கை பிடிக்க ஆள் இல்லை. "பையங்க கூட டீச்சர்! ரெண்டு பேரு கூட!" அந்த "ரெண்டு பேரு கூட" என்பதை நான் கேட்கவே இல்லை, தானாக வந்தது. அது எவ்வளவு மதிப்புள்ள வாக்கியம் என்பது மூன்றாம் வகுப்பில்தான் தெரியும், அதற்குப் பிறகு வருகிறேன்.

ஜோடி சேர்த்துப் பழகிய பிறகும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆறு கொட்டையை நெருக்கமாக ஒரு வரிசை, ஆறு கொட்டையைத் தள்ளித் தள்ளி ஒரு வரிசை வைத்தால், நீளமாக இருக்கும் வரிசையில்தான் கூட இருக்கிறது என்பார்கள். இதை முதலில் விரிவாக எழுதியவர் சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் பியாஜே, குழந்தைகளின் எண் அறிவு பற்றிய அவர் நூல் 1941-இல் வந்தது. ஆசிரியர் பயிற்சியில் படித்திருக்கிறேன், தேர்வுக்கு எழுதியும் இருக்கிறேன். ஆனால் அதற்கு அப்புறம் நடந்த ஒன்று எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிய வந்தது. 1970-களில் ஸ்காட்லாந்தில் மார்கரெட் டொனால்ட்சனும் மெக்காரிகிளும் இதே சோதனையைக் கொஞ்சம் மாற்றிச் செய்தார்கள். பெரியவர் கையால் வரிசையைக் கலைக்காமல், குறும்புக் கரடி பொம்மை ஒன்று வந்து கலைத்துவிட்டது போல் செய்துவிட்டுக் கேட்டபோது, முன்னைவிட நிறையக் குழந்தைகள் இரண்டும் ஒரே அளவுதான் என்று சரியாகச் சொன்னார்கள். பெரியவர் வேண்டுமென்றே ஒன்றை மாற்றிவிட்டு அதே கேள்வியை இரண்டாவது முறை கேட்டால், நாம் முதலில் சொன்னது தப்பு போல, வேறு பதில் வேண்டும் போல என்று குழந்தை நினைக்கிறது.

இதைப் படித்த அன்று என்னுடைய "நல்லாப் பாரு தங்கம்" நினைவுக்கு வந்து ரொம்ப நேரம் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. தப்பான பதிலுக்கு மட்டும்தான் நான் நல்லாப் பாரு என்பேன், அது பிள்ளைகளுக்குத் தெரியும். அதனால் இப்போது சரியான பதில் வந்தாலும் தப்பான பதில் வந்தாலும் ஒரே கேள்விதான்: "எப்படிக் கண்டுபிடிச்ச?" ஒரே குரலில், ஒரே முகத்தோடு. இதற்குப் பழகவே எனக்கு ஒரு பருவம் ஆனது. கரடி பொம்மை எங்கள் பள்ளியில் இல்லை, கோழி இருக்கிறது. வராந்தாவில் கொட்டைகளை வரிசையாக வைத்துவிட்டு, "ஐயோ, கோழி வந்து கலைச்சிருச்சே, இப்ப எதுல கூட?" என்று கேட்டால், "கலைஞ்சுதான் போச்சு டீச்சர், ஒண்ணையும் தூக்கிட்டுப் போகலையே" என்று ஒருத்தி சொன்னாள். ஆறு வயது.

எந்த எண்களைக் கொடுத்து ஒப்பிடச் சொல்கிறோம் என்பதும் முக்கியம், இதை நான் கவனிக்காமலே இருந்தேன். பயிற்சித் தாளில் 6, 7 என்றும் 2, 9 என்றும் கலந்து கிடக்கும். 1967-இல் மோயர், லாண்டவர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பெரியவர்களை வைத்தே பார்த்தார்கள். ஓரிலக்க எண்கள்தான், எது கூட என்று பொத்தானை அழுத்த வேண்டும். இடைவெளி குறையக் குறைய, படித்த பெரியவர்களுக்கே பதில் சொல்ல எடுக்கும் நேரம் கூடுகிறது. நமக்கே அப்படி என்றால், நேற்று எண் கற்ற பிள்ளைக்கு 8, 9 எவ்வளவு கடினமாக இருக்கும்? எனவே முதல் இரண்டு வாரம் தூரத்து எண்கள் மட்டும்: 1, 8. 2, 10. 9, 3. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கி, கடைசியாகப் பக்கத்துப் பக்கத்து எண்கள். அந்தக் கட்டத்துக்கு வரும்போது ஜோடி சேர்ப்பதும் கண்ணளவும் போதாது, எண்களின் வரிசை மனதில் இருக்க வேண்டும். 7-க்கு அப்புறம் ஒன்று கூட்டினால்தான் 8 வருகிறது, எனவே 8-இல் கூட. இது புரிந்தால் பொருளே தேவையில்லை.

வரிசையை மனதில் பதிய வைக்க நான் நம்புவது வராந்தாவில் சாக்பீஸால் போட்ட நீளக்கோடு. 0-இல் தொடங்கி 10 வரை, ஒரு காலடி தூரத்துக்கு ஒரு எண், இடைவெளி எல்லாம் ஒரே அளவு. ஒருத்தி 4-இல் நிற்பாள், ஒருவன் 9-இல் நிற்பான், யார் ரொம்ப தூரம் போயிருக்கிறார்கள், எத்தனை காலடி? சோழியைக் குலுக்கிப் போட்டு மல்லாந்து விழுந்த எண்ணிக்கைக்கு நகர்கிற விளையாட்டும் இதில்தான். ஒன்று மட்டும் கறாராக இருப்பேன். 4-இல் நிற்பவள் மூன்று காலடி வைக்கும்போது "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லக் கூடாது, "அஞ்சு, ஆறு, ஏழு" என்று மிதிக்கும் எண்ணைச் சொல்ல வேண்டும். அப்படிச் செய்யும் பிள்ளைகளுக்குத்தான் எண் இடத்தோடு ஒட்டுகிறது.

பரமபதம் போதாதா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். பரமபதம் நல்ல விளையாட்டு, நானும் விளையாட வைக்கிறேன். ஆனால் அதில் ஒரு வரிசை இடமிருந்து வலம், அடுத்த வரிசை வலமிருந்து இடம், நடுவில் பாம்பு இழுத்துக் கீழே போடும். ஒரே திசையில் போகப் போகக் கூடுகிறது என்ற உணர்வு அதில் வராது. அமெரிக்காவில் ராமனி, சீக்லர் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், 1 முதல் 10 வரை நேர்க்கோடாக எண் எழுதிய பலகையில் விளையாடிய சின்னக் குழந்தைகள் எண்களை ஒப்பிடுவதில் முன்னேறினார்கள், அதேபோல வெறும் வண்ணக் கட்டங்கள் போட்ட பலகையில் விளையாடியவர்களுக்கு அந்த முன்னேற்றம் இல்லை. அடுத்த வருடம் வட்டமான பலகையையும் வைத்துப் பார்த்தார்கள், நேர்க்கோடுதான் உதவியது. ஒரு சாக்பீஸ் துண்டில் முடிகிற காரியம் இது, வீட்டு வாசலில்கூடப் போடலாம்.

காசை வைத்துக் கற்றுக் கொடுக்கலாமே என்று வீட்டில் உடனே தோன்றும். ஆறு வயதுக்குக் கீழே வேண்டாம் என்றுதான் சொல்வேன். மூன்று ஒரு ரூபாய் நாணயம், ஒரே ஒரு ஐந்து ரூபாய் நாணயம் வைத்து எது கூட என்று கேட்டால், பிள்ளை மூன்றைத் தொடும். அதற்கு மேல், பழைய இரண்டு ரூபாய் நாணயம் ஐந்து ரூபாயைவிட அகலமானது. எண்ணிக்கை, உருவம், மதிப்பு மூன்றும் ஒன்றோடொன்று சண்டை போடும் பொருள் அது. இரண்டாம் வகுப்புக்கு அப்புறம் அதே சண்டை நல்ல பாடமாகிவிடும்.

அதேபோல் ரேங்க். ஒரு பிள்ளை 1-தான் 5-ஐவிடக் கூட என்று விடாமல் சொன்னான். எப்படிக் கண்டுபிடிச்ச என்று கேட்டதும், "ஃபர்ஸ்ட் ரேங்க்தானே டீச்சர் பெரிசு" என்றான். அவன் அண்ணன் பெரிய பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். கேட்டிருக்காவிட்டால் இவனுக்கும் எண் தெரியவில்லை என்று எழுதியிருப்பேன்.

இப்போது இரண்டு இலக்கம். இங்கேதான் நிறையப் பிள்ளைகள் சறுக்குகிறார்கள், நானும் அதிக நாள் செலவழித்தது இங்கேதான். இரண்டாம் வகுப்பில் ஒரு பையன், வாரச் சந்தையில் பாட்டியோடு உட்கார்ந்து எலுமிச்சம்பழம் விற்பவன், 39, 51 இரண்டில் 39-தான் பெரியது என்று வட்டம் போட்டிருந்தான். எப்படிக் கண்டுபிடிச்ச? "இதுல ஒம்பது இருக்கு டீச்சர்." சரி, பாட்டி ஒரு சாக்கில் முப்பத்தொன்பது பழம் கட்டினாங்க, இன்னொரு சாக்கில் ஐம்பத்தொன்று கட்டினாங்க, எதுல கூட? "அம்பத்தொண்ணுதான்!" என்றான், யோசிக்கவே இல்லை. வாயால் சொல்லும்போது தெரிகிறது, காகிதத்தில் எழுதினால் தெரியவில்லை. காதில் விழும் ஐம்பதை அவன் ஐம்பதாகவே வாங்கிக்கொள்கிறான், கண்ணில் படும் 5 அவனுக்கு வெறும் ஐந்துதான்.

அவனுக்கு ஈர்க்குக் கட்டு வைத்தேன். விளக்குமாற்று ஈர்க்கைச் சின்னச் சின்னதாக ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு, 39-க்கு மூன்று கட்டு, ஒன்பது உதிரி. 51-க்கு ஐந்து கட்டு, ஒரு உதிரி. எல்லா ஆசிரியர்களும் செய்வதுதான். ஆனால் அவன் அப்போதும் 39 பக்கம்தான் கை நீட்டினான், அங்கேதான் பொருட்கள் நிறையக் கிடந்தன, மூன்றும் ஒன்பதும் பன்னிரண்டு. இந்தப் பக்கம் ஐந்தும் ஒன்றும் ஆறு. அவன் கட்டையும் ஒரு பொருளாகவே எண்ணிக்கொண்டிருந்தான். என்ன தப்பு செய்தேன் என்று பிறகுதான் புரிந்தது. கட்டுகளை எல்லாம் முதல் நாள் சாயங்காலமே நான் கட்டி வைத்துவிட்டேன். அவன் கண் முன்னால் உதிரியாக இருந்து, அவன் கையால் எண்ணி, அவன் ரப்பர் பேண்டை மாட்டியிருந்தால் அது பத்து என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். அடுத்த நான்கு நாட்களும் வேறு எதுவும் நடத்தவில்லை, ஒரு பெரிய குவியலைப் பிள்ளைகள் நடுவில் கொட்டிவிட்டு, கட்டு, கட்டு என்று கட்டவே விட்டேன். ஒப்பிடும்போது சந்தேகம் வந்தால் ஒரு கட்டை அவிழ்த்துப் பார்க்கலாம் என்று விதி. ஐந்தாவது நாள் அவனே ஒரு கட்டை அவிழ்த்து மறுபக்கத்து ஒன்பது உதிரிக்குப் பக்கத்தில் பரப்பிவிட்டு, "ஒரு கட்டே ஒம்பதைவிடக் கூடத்தான் டீச்சர், அப்ப உதிரியைப் பார்க்கவே வேணாமே" என்றான். பத்தாம் இடத்தை முதலில் பார், அது சமமாக இருந்தால் மட்டும் ஒன்றாம் இடத்தைப் பார் என்று நான் வருடா வருடம் பலகையில் எழுதிப் போடும் விதி அதுதான். நீங்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள், கட்டுவதற்கு நேரம் கொடுங்கள்.

இலக்கம் கூட இருந்தால் எண் பெரியது என்ற குறுக்குவழியை நான் சொல்லிக் கொடுப்பதில்லை. முழு எண்களுக்கு அது சரிதான், ஆனால் மேல் வகுப்பில் தசமம் வரும்போது 0.25-ஐ 0.3-ஐவிடப் பெரியது என்று எழுதுவதற்கு அந்த ஒரு வரி போதும்.

இனி பெரிய, சிறிய என்பதற்கான குறிகள். முதலை வாய், பெரிய எண்ணைத்தான் தின்னும். பிள்ளைகளுக்குப் பிடிக்கும், நானும் பல வருடம் முதலைக்குப் பல் வரைந்து கொடுத்திருக்கிறேன். அப்புறம்தான் ஒரு நாள், 8 > 5 என்று சரியாகப் போட்ட பிள்ளைகளிடம் அதைப் படிக்கச் சொன்னேன். "எட்டு... முதலை... அஞ்சு." ஒருவரும் அதற்கு மேல் போகவில்லை. வாய் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரிகிறது, அது ஒரு வாக்கியம் என்பது தெரியவில்லை.

படிக்கக் கற்றுக் கொடுக்கலாம் என்று இறங்கியதும், இதுவரை நான் யோசிக்காத ஒரு சிக்கல் வந்தது. அந்தக் குறி நடுவில் நிற்கிறது. தமிழில் "பெரியது" கடைசியில் வருகிறது. எட்டு, ஐந்தை விட, பெரியது. இங்கிலீஷில் இடமிருந்து வலமாக அப்படியே படித்துக்கொண்டு போனால் வாக்கியம் வந்துவிடும், குறியும் வார்த்தையும் ஒரே வரிசையில் இருக்கின்றன. நம் பிள்ளை அதேபோல் படித்தால் "எட்டு பெரியது ஐந்து" என்று வரும், அதைக் கேட்கும் இன்னொரு பிள்ளைக்கு எது பெரியது? ஐந்து பெரியது என்றும் காதில் விழுமே. பிள்ளைகள் குழம்புவதில் அவர்கள் தவறு ஒன்றுமே இல்லை. இப்போது விரலை வைத்துப் படிக்க வைக்கிறேன்: விரல் முதலில் 8-இல், "எட்டு". குறியைத் தாண்டிக் குதித்து 5-க்கு, "அஞ்சை விட". திரும்பி வந்து குறியில், "பெரியது". தாண்டிப் போய்த் திரும்பி வருவதை வராந்தாக் கோட்டில் கால்களாலேயே செய்ய வைத்தேன், மூன்று பிள்ளைகள் எட்டாகவும் குறியாகவும் ஐந்தாகவும் நிற்க, நான்காவது பிள்ளை ஓடி ஓடிப் படிக்கும். "விட" என்ற சொல்லையும் "ஐ" உருபையும் அழுத்திச் சொல்லிப் பழக்க வேண்டும், வாக்கியமே அதில்தான் நிற்கிறது.

குறியின் வடிவத்துக்கு முதலைக்குப் பதிலாக இரண்டு ஈர்க்கு போதும். தீப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் நான்கு. கீழே தரையில் ஒரு ஈர்க்கு, மேலே இரண்டு அடுக்கின் தலையிலும் தங்குகிற மாதிரி ஒரு ஈர்க்கு. இரண்டும் சமமாகக் கிடக்கும், அது சமக்குறி. சமக்குறியை 1557-இல் அச்சில் கொண்டுவந்த ராபர்ட் ரெக்கார்டே, இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறு இல்லை என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்ததாக எழுதியிருக்கிறார். இப்போது வலப்பக்கம் மூன்று பெட்டியை எடுத்துவிட்டால் மேல் ஈர்க்கு சரியும், இடப்பக்கம் அகலமாகவும் வலப்பக்கம் ஒடுங்கியும் நிற்கும். அகலம் இருக்கும் பக்கம் கூட. அந்தச் சரிவையே கொஞ்சம் இழுத்து முனையைச் சேர்த்து வரைந்தால் குறி வந்துவிட்டது. இந்தக் குறிகள் கணிதவியலாளர் தாமஸ் ஹாரியட்டின் நூலில், அவர் இறந்து பத்து வருடம் கழித்து 1631-இல்தான் அச்சில் வந்தன. உலகமே அதற்கு முன் குறி இல்லாமல்தான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் வாரத்திலேயே அது வர வேண்டும் என்று ஏன் அவசரப்பட வேண்டும்? நான் குறியை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் காட்டுகிறேன்.

"ரெண்டு பேரு கூட" என்று அன்று பிள்ளைகள் சொன்னார்கள் அல்லவா, அதற்கு வருகிறேன். மூன்றாம் வகுப்பில், ஒரு கூடையில் 12 மாம்பழம், இன்னொன்றில் 7, முதல் கூடையில் எத்தனை அதிகம் என்று கணக்கு வரும். பாதிப் பிள்ளைகள் 19 என்று எழுதுவார்கள், அதிகம் என்று படித்ததும் கூட்டிவிடுகிறார்கள். 'அதிகம் வந்தால் கழி' என்று விதி சொல்லிக் கொடுத்தால் அடுத்த கணக்கில் அதுவே காலை வாரும். ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஒவ்வொரு முறையும் எதுல கூட என்பதோடு நிறுத்தாமல், "எவ்வளவு கூட?" என்றும் கேட்டுப் பழகியிருந்தால், ஜோடி கிடைக்காமல் நின்றவர்களைத்தான் எண்ணுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். இந்த ஒரு கேள்வியைச் சேர்க்காமல் விட்ட வருடங்களில் மூன்றாம் வகுப்பில் கழித்தலுக்கு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

போன மாதம் பெற்றோர் கூட்டத்துக்கு அந்த முதல்நாள் சிறுமியின் அம்மா வந்திருந்தார். இந்தப் பக்கம் நிறையப் பேர் செய்வது போல வீட்டில் பூ கட்டுகிறவர். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க டீச்சர், வீட்டுல நான் என்ன சொல்லிக் குடுக்கிறது?" என்றார். மடியில் கிடக்கும் மல்லிகை மொட்டையே ஆளுக்கொரு கை அள்ளுங்கள், இரண்டு வரிசையாக ஜோடி வையுங்கள், யாருக்குக் கூட, எவ்வளவு கூட என்று கேளுங்கள், தப்பாகச் சொன்னாலும் எப்படிக் கண்டுபிடித்தாய் என்று மட்டும் கேளுங்கள், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்றேன். செய்கிறார் போலிருக்கிறது. திங்கட்கிழமை அவள் வந்து, "எங்கம்மா கை பெருசு, ஆனா எனக்குத்தான் நாலு மொட்டு கூட வந்துச்சு, நான் குட்டி மொட்டா பார்த்து எடுத்தேன்" என்றாள்.

இப்போது இரண்டாம் வகுப்பு. நூறு வரை வந்துவிட்டாள். போன வாரம் தொண்ணூறு, நூறு, எதுல கூட என்று கேட்டேன். "தொண்ணூறு" என்றாள். எப்படிக் கண்டுபிடிச்ச? "அதுல நூறும் இருக்கு, முன்னாடி இன்னொண்ணும் இருக்கு டீச்சர்." அதுவரை அந்தச் சொல்லுக்குள் நூறு ஒளிந்திருப்பதை நான் கேட்டதே இல்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் தொள்ளாயிரத்தையும் ஆயிரத்தையும் கேட்டுப் பார்த்தேன், இரண்டு பேர் தொள்ளாயிரம் என்றார்கள். முப்பது, நாற்பது, எண்பது எல்லாம் பத்தின் சாயலில் போய்க்கொண்டிருக்க, தொண்ணூறு மட்டும் நூறின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. ஈர்க்குக் கட்டுகளை மறுபடியும் எடுத்து வைத்திருக்கிறோம். ஒன்பது கட்டு ஒரு பக்கம், பத்துக் கட்டு ஒரு பக்கம். இன்று அவள் பத்துக் கட்டையும் சேர்த்துக் கட்ட ஒரு பெரிய ரப்பர் பேண்ட் கேட்டாள். நாளைக்குக் கொண்டுவர வேண்டும்.